தாங்களாகவா?

2018 மார்ச் மாதக் கடைசி. புவெனோஸ் அய்ரெஸ் நகரின் அல்மாக்ரோ பகுதியில், ஒரு மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முந்தைய வகுப்பில் எழுதிக் கொடுத்த கட்டுரை அவள் கைக்குத் திரும்பி வந்தது. மார்ச் 24 அன்று பார்த்த ஊர்வலத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம். பெரிய திருத்தங்கள் இல்லை. ஓரிடத்தில் பால் விகுதி தவறியிருந்தது; இரண்டு இடங்களில் அழுத்தக் குறி விடுபட்டிருந்தது. இரண்டாம் பத்தியில் மட்டும் ஒரு வினைச்சொல்லைச் சுற்றிப் பச்சைப் பென்சிலால் வட்டம். ஓரத்தில் ஒரே ஒரு சொல்: ‘ஸோலாஸ்?’

தாங்களாகவா?

ராணுவ ஆட்சிக் காலத்தில் 30,000 பேர் காணாமல் போனார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். ‘தெஸாபரெஸியேரோன்.’ காணாமல் போனார்கள். காலம் சரி, பன்மை சரி, எழுத்துக்கூட்டல் சரி. எந்தத் தேர்விலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய வாக்கியம். அறுபது வயதைத் தாண்டிய ஆசிரியை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: “மழை பெய்தது, பனி விழுந்தது என்பதுபோல எழுதியிருக்கிறாய். மழையைப் பெய்யவைத்தவன் என்று யாரும் இல்லை. இதில் இருக்கிறான்.”

திருச்சியில் பிறந்து, சென்னையில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள் அவள். இரண்டு ஆண்டுகள் மாலை வகுப்புகளில் ஸ்பானிஷ் படித்துவிட்டு, சேமிப்பைச் செலவழித்து எட்டு மாதம் தங்கிப் படிக்க அர்ஜென்டினா வந்திருந்தாள். சென்னையில் படித்த பாடநூல் ஸ்பெயினில் அச்சானது. அதில் ‘சமூகப் பிரச்சினைகள்’ என்று ஒரு பாடம் உண்டு. போப்ரேஸா என்றால் வறுமை, தெஸெம்ப்ளேயோ வேலையின்மை, தெஸிகுவால்தாத் ஏற்றத்தாழ்வு, விவியெந்தா குடியிருப்பு. பிறகு, கருத்துச் சொல்வதற்கான தொடக்கங்கள்: ‘எனக்கு இது அநியாயமாகப் படுகிறது’, ‘இது வெட்கக்கேடு’, ‘அரசு இதைக் கவனிக்க வேண்டும்’. தேர்வுப் பயிற்சியில் ஒரு புகைப்படம் தருவார்கள். நடைபாதையில் படுத்திருக்கும் மனிதர், அல்லது வேலைவாய்ப்பு அலுவலக வரிசை. அதைப் பார்த்து இரண்டு மூன்று நிமிடம் பேச வேண்டும். அவள் தடுமாறாமல் பேசுவாள். சொற்களைத் தாளில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் படித்திருந்தாள்.

புவெனோஸ் அய்ரெஸ் வந்த முதல் வாரத்தில் அந்தச் சொற்களில் பாதி காதுக்குப் பிடிபடவே இல்லை. தெரு என்ற சொல்லைச் சென்னையில் ‘காயே’ என்று கற்றிருந்தாள். இங்கே அது ‘காஷெ’. ‘நீ’ என்பதற்குத் ‘தூ’ இல்லை, ‘வோஸ்’. அதற்கேற்ப வினைமுற்றுகளும் வேறு. மரியாதைக்கு ஆசிரியையை ‘உஸ்தெத்’ என்று அழைத்தாள், நம் ‘நீங்கள்’ போல. இரண்டாம் நாளே அவர் தடுத்துவிட்டார். இந்த வீட்டில் எல்லாரும் ‘வோஸ்’தான் என்றார். தாயின் வயதுள்ள ஒருவரை ‘நீ’ என்று அழைக்க நாக்கு பழக மூன்று வாரம் ஆனது.

பாடநூலில் இல்லாத சொற்கள் நகரமெங்கும் இருந்தன. நடைபாதையில் படுத்திருப்பவரை இங்கே சட்டமும் செய்தித்தாளும் ‘தெரு நிலையில் இருக்கும் நபர்’ என்று குறிப்பிட்டன. தெரு என்பது அவருக்கு நேர்ந்த நிலைமை, அவருடைய அடையாளம் ஆகாது என்பது அந்தச் சொற்சேர்க்கையின் பொருள். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு 2013-இல் வந்த 26,844-ஆம் எண் சட்டம் ‘தனியார் இல்லங்களின் தொழிலாளி’ என்று பெயர் கொடுத்திருந்தது. தமிழ்நாட்டில் ‘வேலைக்காரி’ என்ற சொல் ‘வீட்டுப் பணியாளர்’ ஆனதையும், அவர்களுக்கென 2007-இல் நல வாரியம் வந்ததையும் அவள் வகுப்பில் சொன்னாள். பிரேசிலிலிருந்து வந்திருந்த செவிலியர் ஒருவர் தன் ஊர்ச் சொற்களைச் சொன்னார். அன்றைய வகுப்பு அரை மணி நேரம் கூடுதலாக ஓடியது. ஆனால் சொற்களை மாற்றுவது எளிது. வாக்கியத்தின் எலும்பை மாற்றுவதுதான் கடினம் என்பது பச்சை வட்டம் விழுந்த அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆசிரியை அன்று பாடத்தை மேசையில் தொடரவில்லை. ஐந்து பேரையும் கீழே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய குடியிருப்பின் வாசலில், நடைபாதைச் சிமெண்டில் ஒரு சதுரக் கல் பதித்திருந்தது. ஓரங்களில் வண்ண ஓட்டுச் சில்லுகள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, ஒரு பெயர், ஒரு தேதி, பிறகு ‘அரச பயங்கரவாதத்தால் பிடிக்கப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்’. அக்கம்பக்கத்து மக்கள் கூடிச் செய்து பதிக்கும் கற்கள் இவை. நகரம் முழுக்க இருக்கின்றன. “வாக்கியம் எங்கே முடிகிறது பார்” என்றார். ஸ்பானிஷில் அது ‘அரச பயங்கரவாதத்தால்’ என்று, செய்தவரின் பெயரில் முடிந்தது.

இதன் பின்னணி தெரியாமல் இந்த இலக்கணம் புரியாது. 1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 டிசம்பர் 10 வரை நீடித்தது. மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள், கன்னியாஸ்திரீகள், கர்ப்பிணிப் பெண்கள் எனப் பலரை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் இழுத்துக்கொண்டு போனார்கள். கைது என்று பதிவில்லை. வழக்கில்லை, உடல் இல்லை. ஆட்சி மாறிய பிறகு எழுத்தாளர் எர்னெஸ்தோ சாபத்தோ தலைமையில் அமைந்த ஆணையம் 1984-இல் தந்த அறிக்கை, 9,000-ஐ நெருங்கும் பேரின் விவரங்களைப் பதிவுசெய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000.

காணாமல் போவது ஸ்பானிஷிலும் தன்வினைதான். சாவி காணாமல் போகும், வலி மறையும். ஒருவரை இன்னொருவர் ‘காணாமல் போகிறார்’ என்று சொல்ல வழியில்லை. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் அந்த வினையை மக்கள் வளைத்தார்கள். ‘லோ தெஸாபரெஸியேரோன்’ என்றார்கள். ‘லோ’ என்றால் அவனை. ‘அவனைக் காணாமல் போனார்கள்’ என்று வரும், சொல்லுக்குச் சொல். இலக்கணம் பார்த்தால் நொண்டும் வாக்கியம். அந்த நொண்டலோடுதான் அது அர்ஜென்டினாவிலிருந்து மெக்ஸிகோ வரை பேசப்படுகிறது.

தமிழில் இதற்கு நொண்டத் தேவையில்லை. ‘மறைந்தான்’ தன்வினை, ‘மறைத்தான்’ பிறவினை. நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் வேறுபாடு. அடுத்த வகுப்பில் இதை அவள் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். அப்போது ஆசிரியை கேட்டார்: “அப்படியானால் உங்கள் மொழியில் தெஸாபரெஸீதோ என்பதற்கு என்ன சொல்?”

வாய் வரை வந்தது ‘காணாமல் போனவர்’. அதைச் சொல்லவில்லை. 2017-இல் சென்னையில் அவள் திருத்திக் கொடுத்த ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. இலங்கையின் கிளிநொச்சியில் அந்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று தொடங்கி, இரவும் பகலும் சாலையோரப் பந்தலில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருந்த தாய்மாரைப் பற்றிய கட்டுரை. அதில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று ஏழெட்டு இடங்களில் இருந்தது. படிக்கக் கரடுமுரடாக இருக்கிறது, இதழ் வாசகருக்கு ஓடாது என்று நினைத்து, எல்லா இடத்திலும் ‘காணாமல் போனோர்’ என்று அவள்தான் மாற்றினாள். யாரும் கேட்கவில்லை. அப்படியே அச்சானது. அந்தத் தாய்மார் போராடிச் சேர்த்துக்கொண்ட ‘ஆக்கு’ என்ற வினையையும் ‘படு’ என்ற செயப்பாட்டு வினையையும் ஒரு மதிய நேரத்தில், நடை அழகுக்காக அவள் எடுத்துப் போட்டிருந்தாள்.

கரும்பலகையில் ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று எழுதினாள். பாகம் பாகமாகப் பிரித்துப் பொருள் சொன்னாள். கட்டுரையைத் திருத்திய கதையையும் சொன்னாள். வகுப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆசிரியை அந்தத் தமிழ் எழுத்துகளைத் தன் குறிப்பேட்டில் படம் வரைவதுபோல வரைந்துகொண்டார்.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அவள் ப்ளாஸா தெ மாயோவுக்குப் போகத் தொடங்கினாள். மதியம் மூன்றரை மணி. அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் தூபி. தரையில் அதைச் சுற்றி வெள்ளைத் தலைத்துணிகள் வரையப்பட்டிருக்கின்றன. 1977 ஏப்ரல் 30 அன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பதினான்கு பெண்கள் முதன்முதலாக இங்கே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று போலீஸ் சொன்னது. நகர்ந்தார்கள், இரண்டிரண்டு பேராகத் தூபியைச் சுற்றி நடந்தார்கள். பின்னர், பிள்ளைகளுக்குக் கட்டிய குழந்தைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அவர்களைத் திரட்டிய அஸூஸேனா விஷாஃப்லோர் அதே ஆண்டு டிசம்பரில் கடத்தப்பட்டார். அவரது எச்சங்கள் 2005-இல்தான் அடையாளம் காணப்பட்டன. அஸ்தி அந்தத் தூபியின் அடியில் இருக்கிறது.

2018-இலும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் சக்கர நாற்காலியில், சிலர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. கூட்டத்தோடு ஓரமாக நடந்தபோது ஒரு மூதாட்டி அவளிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். கழுத்தில் ஓர் இளைஞனின் கறுப்பு வெள்ளைப் படம். “என் தம்பி. இருபத்திரண்டு வயது. கட்டடக் கலை படிக்கிறான்” என்றார். ‘படித்தான்’ என்று வர வேண்டிய இடம், இறந்தகாலத்தில் இரண்டு வகை இருக்கிறதே, எதைப் போடுவது என்று அவள் மனம் இலக்கணம் பார்த்தது. இரண்டு எட்டு நடந்த பிறகுதான், அவர் தவறிச் சொல்லவில்லை என்று உறைத்தது. நாற்பது ஆண்டுகளாக அந்த வினையை இறந்தகாலத்துக்கு அனுப்ப அவர் ஒப்பவில்லை.

அன்று கேட்ட இன்னொரு வாக்கியம்: ‘புஸ்கோ ஆ மி எர்மானோ.’ என் தம்பியைத் தேடுகிறேன். அதில் நடுவே வரும் ‘ஆ’ என்ற ஒற்றை எழுத்து ஸ்பானிஷ் கற்கும் எல்லாரையும் படுத்தும். புத்தகம் தேடினால் ‘ஆ’ வேண்டாம். மனிதரைத் தேடினால் வேண்டும். வகுப்பிலிருந்த ஜெர்மன் மாணவர் கடைசி வரை அதை விட்டுவிட்டே பேசினார். அவளுக்கு அது ஒரு நாள்கூடச் சிரமமாக இல்லை. வீடு தேடுகிறேன் என்று நாமும் வேற்றுமை உருபு இல்லாமல் சொல்கிறோம். ‘என் தம்பி தேடுகிறேன்’ என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். உயர்திணைக்கு ‘ஐ’ வந்தே ஆக வேண்டும். இன்னும் நுட்பமாகவும் இரண்டும் ஒத்துப் போகின்றன. ‘வேலைக்கு ஆள் தேடுகிறோம்’ என்கிறோம், உருபு இல்லை. அங்கேயும் வேலைக்காரப் பெண் தேவை என்ற விளம்பரத்தில் ‘ஆ’ இருக்காது. யாராக இருந்தாலும் சரி என்கிறபோது மனிதருக்கும் உருபு உதிர்ந்துவிடுகிறது. இன்னார்தான் வேண்டும் என்கிறபோது வந்து ஒட்டிக்கொள்கிறது. எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் இந்த ஒரு விஷயத்தை ஒரே மாதிரி யோசித்திருப்பது அவளை வெகுநாள் மகிழ்வித்தது.

‘இருக்கிறேன்’ என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள்: ஸேர், எஸ்தார். மாறாததற்கு ஸேர், மாறக்கூடியதற்கு எஸ்தார் என்று சென்னை வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியராக இருப்பது ஸேர்; களைப்பாக இருப்பது எஸ்தார். அப்படியானால் செத்துப்போயிருப்பது? அதைவிட மாறாதது என்ன இருக்கிறது? ஆனால் அதற்கும் எஸ்தார்தான். நிலையானது, தற்காலிகமானது என்ற விதியே தவறு, ஒரு மாற்றத்தின் விளைவாக வந்து நிற்கும் நிலைக்குத்தான் எஸ்தார் என்று அல்மாக்ரோ ஆசிரியை விளக்கினார். பிறகு ஒரு பழைய ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினார். 1979. ராணுவ ஆட்சியின் தலைவர் விதேலா பத்திரிகையாளர்கள் முன்னால், கைகளை விரித்தபடி, காணாமல் போனவர் என்பவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, அவர் காணாமல் போயிருக்கிறார் என்கிறார். மூன்றுக்கும் எஸ்தார். மாற்றத்தின் விளைவாக வந்த மூன்று நிலைகள். மாற்றியவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. ஒளிப்பதிவை நிறுத்திவிட்டு ஆசிரியை கேட்டார்: “எழுவாய் எங்கே?”

இலக்கணப் பாடம் என்று நினைத்து அந்த மேசைக்கு வந்தவர்கள் ஐவரும். அன்று அது வேறாக இருந்தது.

அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடமும் ஒரு பாடம் இருந்தது. அந்த ஆண்டு மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் ஏறிக்கொண்டே போயின. பெஸோவின் மதிப்பு சரிந்தது. ஜூனில் அரசு பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் ஒப்பந்தம் செய்தது. கட்டணச் சீட்டு வரும்போதெல்லாம் அந்த அம்மா அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துவிட்டு ‘தரிஃபாஸோ’ என்பார். ‘ஆஸோ’ என்ற விகுதி அடியைக் குறிக்கும். கட்டண அடி. கஸெரோலா என்றால் சட்டி. சட்டியைத் தட்டிப் போராடினால் கஸெரொலாஸோ. அலமாரியிலிருந்து ஓர் அலுமினியச் சட்டியை எடுத்துக் காட்டினார். அடிப்பாகம் பள்ளம் பள்ளமாக நசுங்கியிருந்தது. 2001 டிசம்பர் 19 இரவு, அதிபர் நெருக்கடி நிலையை அறிவித்த சற்று நேரத்தில், பால்கனியில் நின்று தட்டிய சட்டி. அந்த மாதத் தொடக்கத்தில் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கி, வாரத்துக்கு 250 பெஸோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றிருந்தது. குழந்தையைத் தவழவிட்டு அடைக்கும் சிறு கூண்டின் பெயரால் அதைக் ‘கொர்ரலீதோ’ என்றார்கள். மறுநாள் அதிபர் பதவி விலகி ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். அன்று தெருவில் எழுந்த முழக்கத்தைச் சமையலறையில் நின்று அந்த அம்மா சொல்லிக் காட்டினார்: ‘கெ ஸெ வாயான் தோதோஸ்.’

எல்லாரும் போகட்டும்.

அந்த ‘வாயான்’ என்ற வடிவத்துக்காகச் சென்னையில் அவள் பக்கம் பக்கமாக அட்டவணை எழுதியிருக்கிறாள். நடந்ததைச் சொல்லும் வினை ஒரு வரிசை. நடக்க வேண்டும் என்று விரும்புவதையும் கோருவதையும் சந்தேகிப்பதையும் சொல்லும் வினை இன்னொரு வரிசை. ஆங்கில வழியில் அதை விளக்கியபோது ஒவ்வொரு விதிக்கும் பத்து விதிவிலக்கு இருந்தது. ‘போகட்டும்’ என்ற தமிழ்ச் சொல்லை அதன் பக்கத்தில் வைத்ததும் ஒரு நொடியில் தெளிந்தது. வாழ்க, ஒழிக என்று நம் சுவர்களெல்லாம் எழுதிக் கிடக்கும் வியங்கோள். ‘விவா’ என்று உலகம் முழுக்கக் கத்துகிறார்களே, அது ‘வாழ்க’ என்பதன் அதே வடிவம்தான். தமிழ் வழியாகவே ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்கும் ஒரு புத்தகம் அப்போது கையில் இருந்திருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கம் அவளுக்கு இன்றும் உண்டு.

அந்த வடிவத்தின் முழு வலிமையையும் அவள் கேட்டது ஜூன் 13 இரவு. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் மசோதா கீழவையில் விவாதத்தில் இருந்தது. நாடாளுமன்றத்துக்கு வெளியே கடுங்குளிரில் பச்சைத் துணி கட்டிய பெண்கள் விடியும்வரை நின்றார்கள். ப்ளாஸா தெ மாயோ தாய்மாரின் வெள்ளைத் துணியிலிருந்து பிறந்த பச்சைத் துணி அது. முழக்கம் மூன்றே சொல்: ‘கெ ஸேயா லேய்.’ சட்டமாகட்டும். மறுநாள் காலை 129-க்கு 125 என்று நிறைவேறியது. ஆகஸ்டில் மேலவை 38-க்கு 31 என்று அதை நிராகரித்தது. 2020 டிசம்பர் 30 அன்று மேலவையும் ஒப்புக்கொண்டபோது அவள் சென்னையில் இருந்தாள். கைபேசியில் வந்த படங்களில் வாசகம் மாறியிருந்தது: ‘எஸ் லேய்.’ சட்டம். ‘ஸேயா’ போய் ‘எஸ்’ வந்திருந்தது. ஒரு வினைமுற்று வியங்கோளிலிருந்து நிகழ்காலத்துக்கு வர இரண்டரை ஆண்டு ஆனதை, தன் பழைய குறிப்பேட்டின் அட்டவணைப் பக்கத்தில் தேதியோடு குறித்து வைத்தாள்.

அதற்கு முன், 2019-இல், ஒரு வேலை வந்தது. வடக்கு மெக்ஸிகோவில் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் பற்றிய ஆவணப்படம். தமிழ் வசனவரிகள் எழுத வேண்டும். அந்தப் பெண்கள் நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் அறைந்து இறக்கி, வெளியே இழுத்து, நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். புதைகுழி இருந்தால் வாடை வரும். ஒருவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே கேமராவைப் பார்க்காமல் சொல்கிறார்: ‘ஆ மி இஹோ லோ தெஸாபரெஸியேரோன்.’ இரண்டு நொடி.

‘என் மகனைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள்’ என்று எழுதி அனுப்பினாள். வரி நீளம், இரண்டு நொடியில் படிக்க முடியாது, ‘என் மகனைக் காணவில்லை’ என்று சுருக்கலாமே என்று பதில் வந்தது. கேட்டவர் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. திரைக்கு அளவு உண்டு. அவள் படத்தை முப்பது நொடி பின்னால் நகர்த்தினாள். அந்த வசனத்துக்கு முன்னால், கம்பியின் நீளத்தையும் அதை வாங்கிய கடையையும் பற்றி அதே பெண் சொல்லும் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை ஒரே வரியாகக் குறுக்கி, சற்று முன்னதாகவே திரையிலிருந்து எடுத்தாள். ஒரு நொடியும் கொஞ்சமும் மிச்சமானது. ‘என்’ என்பதையும் எடுத்துவிட்டு, ‘மகனைக் காணாமல் ஆக்கிட்டாங்க’ என்று அந்தப் பெண்ணின் பேச்சு மொழியிலேயே எழுதி, மறுபடி அனுப்பினாள்.